திருச்சி என்.ஐ.டி. கிடைக்குமா, கிடைத்தால் அங்கே ஒட்ட முடியுமா: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். 2008-ல் திருச்சி என்.ஐ.டி.யில், அதாவது தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், உலோகவியல் சேர்ந்து படித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முடிந்து ஜூலை வரைக்கும் யாராவது ஒருவர் மார்க் ஷீட்டோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, காரைக்கால் என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகம் அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே தருகிறேன். மார்க் குறைந்து சீட்டை விட்ட பிள்ளைகளை விட, யாரோ சொன்னதை நம்பியும் காகிதம் சரியில்லாமலும் விட்ட பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆர்.இ.சி.ன்னு சொல்றாங்களே, அதுவும் என்.ஐ.டி.யும் ஒண்ணா?

ஒன்றுதான். 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, 2003-ல் என்.ஐ.டி. ஆனது. பெரியவர்கள் இன்னும் ஆர்.இ.சி. என்றுதான் சொல்வார்கள். திருச்சி–தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் இருக்கிறது. வளாகம் ஏறக்குறைய 800 ஏக்கர்.

பிளஸ் டூவுல 580 எடுத்திருக்கான். அண்ணா யூனிவர்சிட்டி மாதிரி கட்ஆஃப் போட்டுக் கொடுத்துடுவாங்கதானே?

இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப் போடுவார்கள். அங்கே 2007-லிருந்து நுழைவுத்தேர்வு கிடையாது. என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். அதில் வரும் ரேங்க் மட்டும்தான் பேசும்.

2013 முதல் 2016 வரை பிளஸ் டூ மார்க்குக்கும் 40 சதவீத மதிப்பு இருந்தது. அந்தக் காலத்தில் சேர்ந்த அண்ணன்கள் சொன்னதைக் கேட்டுத்தான் பலர் இன்னும் குழம்புகிறார்கள். 2017-லிருந்து அது இல்லை. இப்போது பிளஸ் டூ மார்க் வாசற்படி மாதிரி. 75 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 65 சதவீதம் இருக்க வேண்டும், அல்லது அந்த போர்டின் மார்க் வரிசையில் முதல் 20 சதவீதம் பேருக்குள் வர வேண்டும். தாண்டிவிட்டால் 460-ம் ஒன்றுதான், 590-ம் ஒன்றுதான்.

தமிழ் மீடியம் பையன் எழுத முடியுமா?

முடியும். 2021-லிருந்து வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. விண்ணப்பத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. கணினியில் 3 மணி நேரத் தேர்வு, 75 கேள்வி, 300 மார்க். சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். ஜனவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை நடக்கும். இரண்டும் எழுதினால் எது நல்லதோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

ஜனவரித் தேர்வு சம்பா அறுப்பு நேரத்தில் வருகிறது. வீட்டில் களத்து வேலையும் விருந்தாளியுமாக இருக்கும். அந்த இரண்டு வாரம் பிள்ளையை நெல் மூட்டைக்குக் காவல் வைக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இன்னொன்று, கேள்விகளில் கணிசமான பங்கு பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும். பிளஸ் ஒன்னைத் தாண்டி நேராகப் பிளஸ் டூ நடத்தும் பள்ளியில் படித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜே.இ.இ.யில 92 வாங்கியிருக்கா. நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டுன்னா நல்ல மார்க்தானேம்மா?

ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அது மார்க் இல்லை, பெர்சன்டைல். எழுதியவர்களில் 92 சதவீதம் பேர் உங்கள் பெண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்று பொருள். மேலே 8 சதவீதம் பேர் இருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் 14 லட்சத்துக்கு மேல். அதில் 8 சதவீதம் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. 99 பெர்சன்டைல் வாங்கியவருக்கே ரேங்க் 14,000 பக்கம் வரும்.

ஒரு லட்சத்தைத் தாண்டிய ரேங்கில் பொதுப்பிரிவில் திருச்சி கிடைக்காது, ஓ.பி.சி. என்ற இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலும் எதிர்பார்க்க முடியாது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவு என்றால் கணக்கே வேறு, அட்டவணையைத் திறந்து பார்க்காமல் இல்லை என்று சொல்லவே கூடாது. 2024-ல் பச்சமலைப் பகுதி அரசுப் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் 73.8 வாங்கித் திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் சேர்ந்தார். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ‘92-க்கே கிடைக்காதாம்’ என்று டீக்கடையில் கேட்ட பேச்சை நம்பி அந்த வீட்டில் விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்ப எத்தனை ரேங்குக்குக் கிடைக்கும்? ஒரு நம்பர் சொல்லுங்க அக்கா.

ஒரே நம்பர் கிடையாது, அதனால்தான் நான் சொல்வதில்லை. சேர்க்கையை நடத்துவது ஜோசா என்ற மத்தியக் கலந்தாய்வு. ஒவ்வொரு சுற்றிலும் எந்தத் துறை கடைசியாக எந்த ரேங்குக்கு இடம் கொடுத்து மூடியது என்ற அட்டவணையை அவர்களே இணையத்தில் போடுகிறார்கள், முந்தைய வருஷங்களுடையதும் இருக்கிறது. கடைசி மூன்று வருஷத்தின் கடைசிச் சுற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ‘சான்ஸ்’ பார்த்துச் சொல்பவர்களும் இதே அட்டவணையைத்தான் பார்க்கிறார்கள்.

பார்க்கும்போது மூன்று இடம் கவனம். முதலில் மாநில ஒதுக்கீடு. திருச்சியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, பாதி வெளிமாநிலத்துக்கு. தமிழ்நாட்டு வரிசை பெரும்பாலும் இன்னும் தள்ளியே மூடும், அது நமக்கு நல்லது. வெளிமாநில வரிசையைப் பார்த்துவிட்டுப் பயந்து போனவர்கள் உண்டு. அடுத்தது பெண்கள். 2018-லிருந்து மாணவிகளுக்குக் கூடுதல் இடம் உருவாக்குகிறார்கள், இப்போது குறைந்தது 20 சதவீதம். அட்டவணையில் அது தனி வரிசையாக இருக்கும். மூன்றாவதுதான் நிறைய பேர் தவறும் இடம்: பொதுப்பிரிவு வரிசையில் இருப்பது பொது ரேங்க், ஓ.பி.சி. வரிசையில் இருப்பது ஓ.பி.சி. ரேங்க். உங்கள் பொது ரேங்கைக் கொண்டுபோய் ஓ.பி.சி. வரிசையோடு ஒப்பிட்டால் கிடைக்கிற சீட்டும் கிடைக்காது போலத் தெரியும்.

நாங்க எம்.பி.சி. ஜாதிச் சான்றிதழ் கையில இருக்கு. அது போதும்ல?

போதாது. இதை நூறு தடவை சொல்லியும் வருஷத்துக்கு ஒருவராவது கோட்டை விடுகிறார்கள். நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்கு. மத்தியக் கலந்தாய்வுக்கு ஓ.பி.சி. கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டவர்களில் வசதியானவர்) அல்லாதவர் என்ற சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில், அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் போன வருஷத்துச் சான்றிதழை ஏற்றிவிட்டு, கடைசியில் பொதுப்பிரிவில் நின்று சீட்டை இழந்தான். அவன் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகரும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் அதற்கு அலைய வீட்டில் ஆள் இருக்காது.

எங்களுக்கு நெலம் இருக்கு, இவங்க அப்பா வேலையிலயும் இருக்காங்க. 8 லட்சத்தைத் தாண்டிடுமே?

கிரீமி லேயரா என்று பார்க்கும் அந்த 8 லட்ச வருஷ வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம் போன்ற மற்ற வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், அதுவும் மூன்று வருஷம் தொடர்ந்து தாண்டினால்தான். ஆனால் பெற்றோர் வகிக்கும் பதவியைத் தனியாகப் பார்ப்பார்கள், குரூப் ஏ என்ற அரசு உயர்பதவியில் இருக்கும் அதிகாரியின் பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது. பாசன நிலமும் தனிக் கணக்கு, நில உச்சவரம்புச் சட்டத்தின் வரம்பில் 85 சதவீதத்தைத் தொட்டால் கிடையாது. நம் பக்கம் இரண்டு மூன்று வேலி நிலம் வைத்திருக்கும் வீடுகள் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ‘சம்பளம் அதிகம்’ என்று நீங்களே முடிவுகட்டி விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள்.

கோச்சிங்குக்காக பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டையும் விஜயவாடாவுல சேர்க்கப் போறோம். நல்லதுதானே?

சேர்ப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அது நல்லது. மேலே சொன்ன பாதி இட ஒதுக்கீட்டுக்கு ரேஷன் கார்டையோ பிறந்த ஊரையோ பார்க்க மாட்டார்கள். பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேறினார் என்பதுதான் அளவு. ஆந்திராவில் தேறினால் உங்கள் பையன் ஆந்திரப் பையன். திருச்சியில் வெளிமாநில வரிசையில், நாடு முழுவதோடும் மோத வேண்டும். தஞ்சாவூரில் சி.பி.எஸ்.இ. படித்தாலும் தமிழ்நாடுதான், போர்டு எது என்பது பிரச்சினை இல்லை.

காரைக்கால்ல இருக்கோம், பையன் நாகப்பட்டினத்துல படிக்கிறான். எங்களுக்கு எது சொந்த மாநிலம்?

முந்தின பதில்தான். நாகப்பட்டினத்தில் பிளஸ் டூ முடித்தால் தமிழ்நாடு, காரைக்காலில் முடித்தால் புதுச்சேரி. காரைக்கால் திருவேட்டக்குடியில் புதுச்சேரி என்.ஐ.டி. 2010-லிருந்து இருக்கிறது. அங்கே உள்மாநில ஒதுக்கீடு புதுச்சேரியில் படித்தவர்களுக்கு. எந்தப் பக்கம் லாபம் என்பதைப் பத்தாவது முடிந்ததும் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், பிளஸ் டூ வந்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கே?

அது மாநில அரசின் இடங்களுக்கு மட்டும். என்.ஐ.டி.யில் இல்லை. ஆனால் அரசுப் பள்ளியில் படித்து இந்த மாதிரி மத்திய நிறுவனங்களில் சேர்பவர்களின் படிப்புச் செலவைத் தமிழக அரசு ஏற்கிறது. பள்ளித் தலைமையாசிரியரிடமே கேளுங்கள்.

பீஸ் எவ்வளவு? நெல்லு போட்டு இதெல்லாம் கட்ட முடியுமா?

கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 1,25,000. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தாலும் முழுத் தள்ளுபடி, 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆக, பெரும்பாலான விவசாய வீடுகள் 42,000 பக்கம்தான் கட்டும். ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. வருமானச் சான்றிதழை ஒழுங்காக வாங்கி வைத்தால்தான் இது கிடைக்கும்.

கடன் வேண்டுமென்றால் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமித் திட்டத்தில் இந்த மாதிரி நிறுவனங்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் தருகிறார்கள். சீட் கிடைத்த உடனே, ஜூன் மாதத்தில், சில நாள் கெடுவுக்குள் ஆன்லைனில் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். அது நம் பக்கம் விதை, உரம், நடவு என்று கை காலியாக இருக்கும் நேரம். தை மாத நெல் பணத்திலேயே கொஞ்சம் எடுத்து வையுங்கள். கெடு தப்பினால் சீட் போய்விடும், யாரிடமும் கேட்க முடியாது.

சாய்ஸ் போடும்போது பெரிய துறையை மேல போட்டா, கீழ உள்ளது போயிடுமா?

போகாது. உங்களுக்கு எது பிடிக்குமோ அந்த வரிசையில் போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சீட் வந்த பிறகு ‘ஃப்ரீஸ்’ என்றால் இதுவே போதும் என்று பொருள். ‘ஃப்ளோட்’ என்றால் உன் பட்டியலில் மேலே எது வந்தாலும் மாற்றிக்கொள்கிறேன், ‘ஸ்லைடு’ என்றால் இதே கல்லூரிக்குள் மேலான துறை வந்தால் மட்டும் மாற்றிக்கொள்கிறேன். முதல் சுற்றிலேயே பயந்துபோய் ஃப்ரீஸ் கொடுக்க வேண்டாம். ஃப்ளோட் கொடுத்தாலும் கையில் இருப்பது போகாது, ஒன்று அது நிற்கும், இல்லை அதைவிட நல்லது வரும்.

கிண்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ், திருச்சியில மெட்டலர்ஜி. எதை எடுக்கறது?

நான் உலோகவியல் படித்தவள், எனக்கு அந்தப் படிப்பு பிடித்திருந்தது. ஆனாலும் சொல்கிறேன்: கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று மனசில் இருக்கிற பிள்ளை, பேருக்காகத் திருச்சிக்கு வர வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிக் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, அதன் பேருக்கு ஒரு குறையும் இல்லை. கட்டணமும் குறைவு. போய்த் துறை மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சேருவது ரொம்ப ஆபத்து.

வித்தியாசம் கூடப் படிப்பவர்களில்தான். கிண்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் நம் மாநிலப் பிள்ளைகள். திருச்சியில் வகுப்பில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். அது வேண்டுமா என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

இங்கிலீஷ் சரளமா வராது. ஒதுக்கிடுவாங்களா?

வகுப்பு முழுக்க ஆங்கிலம். அறையில் தெலுங்கு, இந்தி, மலையாளம், தமிழ் எல்லாம் கலந்து ஓடும். எனக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் சந்தேகம் கேட்க வாய் வராது. என் அறைத்தோழி குண்டூர்ப் பெண், அவளுக்கும் அதே நிலைமை என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. பிறகு இரண்டு பேரும் இரவில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டோம், தப்பும் தவறுமாகத்தான். முதல் வருஷம் முடியும்போது வந்துவிட்டது. ஆங்கிலம் வராததால் யாரும் ஒதுக்கவில்லை. நான்தான் பேசாமல் ஒதுங்கியிருந்தேன்.

அதைவிடப் பெரிய அடி வேறு ஒன்று, அதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன். பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள் மட்டும்தான் அங்கே வருகிறார்கள். முதல் தேர்வில் வகுப்பின் நடுவில் எங்கோ நிற்கும்போது பலருக்கும் உடைந்துபோகும். அப்போது வீட்டில் ‘ஏன் குறைஞ்சுது’ என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

ராகிங் இருக்குமா?

தமிழ்நாட்டில் 1997-லிருந்து அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, குற்றம். முதல் வருஷத்தவர்களுக்குத் தனி ஹாஸ்டல் ஒதுக்குவதும் அதற்காகத்தான். ஏதாவது நடந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் இன்றைக்கே ஏற்றிவையுங்கள்.

படிப்பைத் தவிர அங்க என்ன இருக்கு? விழா விழான்னு கெட்டுப்போயிடுவான்னு சொல்றாங்க.

செப்டம்பரில் ஃபெஸ்டம்பர் என்ற கலைவிழா, 1975-லிருந்து நடக்கிறது. பிறகு பிரக்யான் என்ற தொழில்நுட்பவிழா. துறைகளுக்குள் மோதிக்கொள்ளும் நிட்ஃபெஸ்ட் ஒன்று. இத்தனையையும் மாணவர்களே நடத்துகிறார்கள். பணம் திரட்டுவது, மேடை போடுவது, விருந்தினரைக் கூட்டிவருவது எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். நான் ஒரு விழாவில் சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்தேன். ஊர்த் திருவிழாவில் பந்தி பார்த்த பழக்கம் அங்கே உதவியது.

முதல் வருஷத்திலேயே சங்கங்களுக்கு ஆள் எடுப்பார்கள். கணினி நிரல் எழுத டெல்டா ஃபோர்ஸ் இருக்கிறது, பேரைக் கேட்டதும் நம் ஊர்ச் சங்கம் என்று நினைத்து மகிழ்ந்தேன். நாடகம், இசை, பேச்சு, பத்திரிகை, விளையாட்டு எல்லாம் உண்டு. நேர்காணலில் தேறாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம், ஏதாவது ஒன்றில் கட்டாயம் சேரச் சொல்லுங்கள். துறை தாண்டி, மாநிலம் தாண்டி நட்பு கிடைப்பது அங்கேதான். கெட்டுப்போவார்களா என்றால், வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும், மதிப்பெண் சராசரி சரிந்தால் வேலைக்கு வரும் கம்பெனிகள் நேர்காணலுக்கே கூப்பிடாது. அந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

பக்கத்துலதானே இருக்கு, வாரா வாரம் வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டுமே?

இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்தப் பக்கத்தை எழுதியிருப்பேன். வேண்டாம். தயவுசெய்து முதல் செமஸ்டரில் மட்டுமாவது வேண்டாம்.

நான் அப்படித்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தால் தஞ்சாவூர் பஸ், அங்கிருந்து கும்பகோணம் பஸ், ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. அம்மா கத்தரிக்காய்க் கொத்சு வைத்திருப்பார். ஞாயிறு சாயங்காலம் திரும்பினால், அந்த இரண்டு நாளில் மற்றவர்கள் மலைக்கோட்டைக்குப் போயிருப்பார்கள், கல்லணைக்குப் போயிருப்பார்கள், ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் பேசியிருப்பார்கள். திங்கட்கிழமை அவர்கள் சிரிக்கும் சிரிப்பு எனக்குப் புரியாது. இரண்டாம் செமஸ்டரில் அறை சேர்ந்து எடுக்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டபோது என்னைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. குண்டூர்ப் பெண் மட்டும் கேட்டாள். பாட்னாவிலிருந்து வந்தவளுக்கு ஊருக்குப் போக வழியில்லை, அதனால் அவளுக்கு நட்பு கிடைத்தது. எனக்குப் பஸ் இருந்தது.

மாதம் ஒரு தடவை வரட்டும். அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் போய்ப் பாருங்கள், முறுக்கு கொண்டுபோனால் அறையில் நாலு பேருக்குச் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

பொண்ணு. அவ்வளவு தூரம் ஹாஸ்டல்ல விடலாமா?

கும்பகோணத்திலிருந்து 75 கிலோமீட்டர். கேட்கும் அப்பாக்களுக்கு என் அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன், அவரே பேசிக்கொள்வார். ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, பெண்களுக்குத் தனியாக. மேலே சொன்ன 20 சதவீத இடம் நம் பெண்களுக்காகவும்தான் உருவானது. அனுப்பாமல் விட்டால் அதில் வேறு மாநிலத்துப் பெண்ணோ வேறு ஊர்ப் பெண்ணோ உட்காருவார்.

திருச்சி கிடைக்கலை. ஒரு வருஷம் வீட்ல இருந்து திரும்ப எழுதட்டுமா?

பிளஸ் டூ முடித்த வருஷத்தையும் சேர்த்து மூன்று வருஷம் எழுதலாம். 97, 98 பக்கம் வந்து, தானே கேட்கிற பிள்ளை என்றால் யோசிக்கலாம். 80 வாங்கிவிட்டு, பெற்றோர் ஆசைக்காக உட்காரப்போகிற பிள்ளை என்றால் வேண்டாம். அந்த வருஷம் வீட்டில் ஒவ்வொரு விசேஷத்திலும் ‘என்ன பண்றே’ என்று கேட்பார்கள், அது சின்ன வலி இல்லை.

அதே ரேங்கைக் கொண்டு ஜோசாவிலேயே தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கலாம், நிஃப்டெம் நிறுவனம். மழையில் நனைந்த டெல்டா நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று 1967-ல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வு மையம்தான் வளர்ந்து அதுவாக நிற்கிறது. திருவாரூர் நீலக்குடியில் 2009-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு க்யூட் என்ற வேறு தேர்வு, பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இந்த மூன்று வளாகத்தையும் பத்தாவது விடுமுறையில் ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள். விழா நாளில் வேண்டாம், சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் போங்கள்.